ஒன்பது வருசம் கழிச்சுத் தொறந்த கேம்

குன்னூர்லருந்து கோத்தகிரி, அரவேணு வழியா போற பஸ்ஸுல, முன் சீட்டுல ரெண்டு பொம்பளைங்க. ஒரே டீ ஃபேக்டரி ஆபீஸ்ல வேலை போல. நான் தூங்குற மாதிரி நடிச்சுட்டிருந்தேன். எனக்கு நல்லா வர்ற ஒரே நடிப்பு அதுதான்.

"யாரு மொதல்ல லவ்வு சொன்னதுன்னு தெரிஞ்சுருச்சுங்க்கா," சின்னவ சொன்னா.

"எப்படி புள்ள?"

"காலேஜ்ல நானும் எங்க வீட்டுக்காரரும் ஆடுன ஆன்லைன் கேம் அக்கவுண்டை எவனோ ஹேக் பண்ணிட்டான்னேன்ல? ஒன்பது வருசம் கழிச்சுக் கெடச்சிருச்சு. பேசுன சாட் பூரா அப்படியே இருக்குது."

"இத்தனை நாள் ஏன் கெடைக்கல?"

"அக்கவுண்டைத் திருப்பிக் கேட்டா, மொதல்ல எந்த ஊர்லருந்து ஆடுனீங்கன்னு கேம் கம்பெனிக்காரனுங்க கேப்பானுங்க. நான் அரவேணு, அரவேணுன்னே போட்டுட்டிருந்தேன். நம்ம நெட்டு எப்பவும் கோயமுத்தூர்னுதான காட்டும்? போன வாரம் அதைப் போட்டேன், தொறந்துருச்சு."

அரவேணு வந்துச்சு. நான் எறங்கோணும். எறங்கல.

"அவருதான் மொதல்ல சொன்னாருன்னு சாதிச்சு, ஞாயித்துக்கெழமை சமையலை அவரு தலையில கட்டி வெச்சிருக்கியே. இப்ப யாராம்?"

"நாந்தாங்க்கா. மூணு தடவை சொல்லிருக்கேன். அவரு, 'இரு, மேட்ச் முடியட்டும்'னு போட்டிருக்காரு."

பெரியவ சிரிச்ச சிரிப்புல கண்டக்டரே திரும்பிப் பார்த்தாரு.

"கெடச்சது அவருக்குத் தெரியுமா?"

"தெரியும். சாயங்காலம் சாட்டைக் காட்டச் சொல்லிருக்காரு."

"என்ன பண்ணப் போற?"

"மறுபடியும் ஹேக் ஆயிருச்சுன்னு சொல்லிருவேங்க்கா."