பஸ் தட வரலாறும் ஒரு வயர்க்கூடையும்

வீட்டுக் கம்ப்யூட்டர் திருடு போனால் முதலில் ஒரு காபி குடித்துவிட வேண்டும் மேடம். பதற்றத்தில் பாஸ்வேர்டை மாற்றினால் புதியதும் மறந்துபோகும். மார்ச் மாதம் எங்கள் வீட்டில் அப்படித்தான் செய்தேன். என் வீட்டுக்காரரை உட்காரவைத்து, பேங்க், மெயில் என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஒரு மணி நேரத்தில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்திவிட்டேன். "தங்கபுஷ்பம் இருந்ததால தப்பிச்சேன்" என்று அன்றைக்குப் பக்கத்து ஃபிளாட்டில் அவரே சொன்னார்.

அவர் பெயர் உங்கள் ஃபைலில் இருக்கும், சிதம்பரநாதன். வடபழனி டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ரிட்டயர் ஆனவர். பதினோரு வருஷமாகச் சென்னை பஸ் தடங்களின் வரலாற்றை எழுதினார். எந்த பஸ் எந்தத் தெரு வழியாகப் போனது, ஏன் மாறியது என்று பழைய டிரைவர், கண்டக்டர்களைத் தேடிப் போய்ப் பேசவைத்துப் பதிவு செய்தார். அவர்களில் பாதிப் பேர் இப்போது இல்லை. குற்றாலம் போகலாமா என்று நான் கேட்டால், "புக் முடியட்டும்" என்பார்.

பிப்ரவரி கடைசியில் முடிந்தது. பாண்டி பஜார் போய் எனக்கு ஒரு புடவை எடுத்தோம். சந்தோஷமான நாள். திரும்பி வரும்போது ஆட்டோவில் சொன்னார், "ரெண்டாவது பாகத்துல ரூட் நம்பர் மட்டும் தனியா எழுதப்போறேன்."

அடுத்த செவ்வாய் காலை அவர் தேனாம்பேட்டைக்கு யாரையோ பார்க்கப் போனார். அவர் புக் எழுதிய லேப்டாப்பை வயர்க்கூடையில் வைத்து மேலே இரண்டு கட்டு முருங்கைக்கீரை போட்டேன். பழைய லேப்டாப் வாங்கும் கடைக்காரர் தன்மையானவர். "எல்லாத்தையும் அழிச்சிடவாம்மா?" என்றார். "ஆமா, நல்லா அழிச்சிடுங்க. சொந்த விஷயமெல்லாம் இருக்கு, வெளியே போயிடக் கூடாது" என்றேன். வீட்டுக்கு வந்து பின்கதவுத் தாழ்ப்பாளை ஸ்குரூடிரைவரால் நெம்பினேன். அது மட்டும் கொஞ்சம் சிரமம்.

புக்கையும் பேச்சுப் பதிவுகளையும் காப்பி எடுத்து, பத்திரமாக வைக்கச் சொல்லி அவர் என்னிடம் கொடுத்திருந்த ஹார்ட் டிஸ்க்கை, துணியோடு சோப்புத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்தேன். அதையும் திருடன் கொண்டுபோனதாகத்தான் அவர் நினைக்கிறார்.

வீட்டுக்கு யார் யார் வந்தார்கள் என்று உங்கள் ஆட்கள் கேட்டார்கள். ஏசி சர்வீசுக்கு டில்லிபாபு வந்திருந்தார், சொன்னேன். பொய் இல்லையே. இரண்டு நாள் ஸ்டேஷனில் வைத்து அவரை விசாரித்தீர்கள், கம்பெனியில் வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். அப்புறம் எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"நான் இன்னாம்மா பண்ணேன்? உங்க ஊட்டுல தண்ணிகூட வாங்கிக் குடிக்கலியே."

பாவமாக இருந்தது. முறுக்கு கொடுத்தேன். வாங்கிக்கொள்ளவில்லை.

கடை கேமராவில் இருப்பது நான்தான் மேடம். எடுத்ததும் அழித்ததும் நான்தான். டில்லிபாபுவுக்கு ஒன்றும் தெரியாது. எங்கே கையெழுத்துப் போட வேண்டும், சொல்லுங்கள்.

ஆனால் நல்லதுதான் நடந்திருக்கிறது. மே மாதம் குற்றாலம் போய்வந்தோம். அருவியில் தண்ணீர் இல்லை, இருந்தாலும் அவர் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். இப்போது கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் வருகிறார், போட்டதைச் சாப்பிடுகிறார். இந்த மூன்று மாதத்தில் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. சரியாகச் சொன்னால், யாரிடமும் எதுவுமே பேசியதில்லை. மனிதருக்கு இப்போதுதான் நிம்மதி வந்திருக்கிறது.