பத்து ஆண்டுச் சிறை என்று சொன்னேன்

மழை நாளில் சோளப்பொரி சீக்கிரம் நமத்துப்போகும். அன்றும் அதை மாற்றச் சொல்லிவிட்டுத்தான் மதியக் காட்சிக்குள் நுழைந்தேன். அகிதா நகரில் நான் மேலாளராக இருக்கும் திரையரங்குக்கு அந்நேரம் ஆள் குறைவு. ஹதனாக்கா கினுவே மட்டும் அந்த வாரம் முழுக்க அதே படத்துக்கு வந்துகொண்டிருந்தார். கணவரை இழந்தவர், அடுத்த தெருவில் தையல் கடை வைத்திருந்தார்.

ரயில் நிலையக் காட்சியில் திரையை நோக்கிக் கைப்பேசியை உயர்த்தினார். கூட்டத்தில் நிற்கும் இளைஞன் ஒருவன் திரும்பிச் சிரிப்பான். அதை மட்டும்தான் பதிவு செய்தார். கைப்பேசியை வாங்கிக்கொண்டு அவரை என் அறைக்கு அழைத்துப் போனேன்.

அந்த இளைஞன் அவருடைய மகனாம். படப்பிடிப்பில் கூட்டத்தில் ஒருவனாக நிற்கப் போனவன், படம் வெளிவருமுன் விபத்தில் இறந்துவிட்டான்.

"போட்டோ நிறைய இருக்குங்க. அவன் அசையறது இது ஒண்ணுலதான்," என்றார்.

டிக்கெட் கொடுக்கும் மியோ வாசலில் வந்து நின்றாள். "அழிச்சுட்டு அனுப்பிடலாம் சார். பாவம்," என்றாள். வேலையைப் பார்க்கச் சொன்னேன். அவள்தான் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து உங்களிடம் சொல்லியிருக்கிறாள். தவறில்லை.

திரையரங்கில் படத்தைப் பதிவு செய்தால் என்னவென்று சட்டத்தில் உள்ளதைத்தான் சொன்னேன்: பத்து ஆண்டுச் சிறை. பத்து ஆண்டு 'வரை' என்றிருக்கிறது. அந்தச் சொல்லை விட்டுவிட்டேன். இவரைப் போன்றவர்களை எச்சரித்து அனுப்பிவிடுவார்கள் என்பதையும் சொல்லவில்லை. காலையில் போலீஸ் கடைக்கு வரும், தெருவே பார்க்கும் என்றேன்.

"என் பையன் பேரும் வெளிய வருமாங்க?"

"வரும். செத்தவன் பேரும் சேர்ந்துதான் கெடும்."

அவர் ஆழக் குனிந்து மன்னிப்புக் கேட்டுவிட்டு, கைப்பேசியைத் திருப்பிக் கேட்காமலே போனார். மறுநாள் ஆற்றில் அவர் உடல் கிடைத்தது.

நான் அன்று உங்களுக்குத் தகவல் கொடுக்கவே இல்லை, ஐயா. கொடுக்கும் எண்ணமும் இருக்கவில்லை. இனி அப்படிச் செய்யக்கூடாது என்றுதான் பயமுறுத்தினேன் என்று முதலில் சொன்னேனே, அது பொய். என் சொல்லுக்கு ஒருவர் முகம் வெளுப்பதை அன்றுதான் பார்த்தேன். நிறுத்த மனம் வரவில்லை.

ஒரு காட்சியைப் பதிவு செய்ததற்கு இவ்வளவு தண்டனை அதிகமில்லையா என்று கேட்டீர்கள். சட்டம் எழுதியவர்களுக்கு அந்த அம்மாவைத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அந்தக் காட்சியை நான் அழிக்கவில்லை. தினமும் பார்க்கிறேன். முன்பெல்லாம் அந்தப் பையன் திரும்பியதும் சிரிப்பான். இப்போது முதலில் என்னைப் பார்க்கிறான். கொஞ்சம் பொறுத்துத்தான் சிரிக்கிறான்.

கைப்பேசியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் காட்சியை மட்டும் எனக்கு ஒரு பிரதி எடுத்துத் தர முடியுமா? தப்பான காரியத்துக்கு அல்ல.