வாள் எடுத்த ராணியும் வழுக்குத் தரையும்

சீனி போதும், இன்ஸ்பெக்டர் ஐயா. தோட்டத்தில் அரிசியையும் சீனியையும் பாதியாகக் குறைத்த பிறகு நாக்குக்கு இனிப்பு மறந்துபோய்விட்டது. நல்ல காப்பி.

அங்கமுத்துவை வருகிற வெள்ளிக்கிழமை தூக்கில் போடப் போகிறார்கள். அதைப் பற்றிப் பேசத்தான் புலாவ் செபாங்கிலிருந்து அலோர் காஜா வரைக்கும் என்னை ஜீப்பில் ஏற்றிக் கொண்டுவந்தீர்கள். தெரியும். ஒளிக்காமல் சொல்கிறேன். ஆனால் இது அங்கமுத்துவிடம் தொடங்கிய விஷயம் இல்லை. ஒரு சினிமாவில் தொடங்கியது. அங்கிருந்து வந்தால்தான் என் பக்கத்து நியாயம் புரியும்.

கம்பிவேலி போட்ட பிறகு எங்கள் ரப்பர் தோட்டத்துக்கு அவ்வப்போது படவண்டி வரும். திடலில் இரண்டு மூங்கிலை நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்கள். முதலில், காட்டுக்காரனுக்குச் சோறு கொடுக்காதே என்று ஒரு சின்னப் படம். கம்யூனிஸ்ட்டுகளை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அதற்குப் பிறகு ராஜா ராணிப் படம். ஒரு தடவை வந்த படத்தில் ராணி வாள் எடுத்தாள். புருஷனைச் சிறையில் போட்டுவிட்டார்கள். இவள் கவசத்தை மாட்டிக்கொண்டு அரண்மனைப் படிக்கட்டில் ஒருத்தியாக நின்று ஒரு பட்டாளத்தையே வெட்டிச் சாய்க்கிறாள். வெட்டி முடித்த பிறகும் கொண்டையில் வைத்த பூ உதிரவில்லை. தோட்டத்துப் பெண்கள் எழுந்து நின்று விசில் அடித்தார்கள். என் பெண்டாட்டியும் அடித்தாள். அவளுக்கு விசில் அடிக்க வரும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நான் படிக்காதவன், ஐயா. ஆனால் பாரம் தெரிந்தவன். மீசை முளைப்பதற்கு முன்னாலேயே பால்வாளி தூக்கினேன், விறகுக்கட்டை தூக்கினேன், பாலம் போடக் கல் தூக்கினேன். இப்போது மண்டோராக இருந்து பால்மரத்தில் பட்டை வெட்டுகிறவர்களை வேலை வாங்குகிறேன். இரும்பு என்ன கனம், கை எவ்வளவு தாங்கும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் காலத்து வாள் தகரம் இல்லை. அதோடு கேடயம், மார்புக்கு இரும்பு, தலைக்கு இரும்பு. அதையெல்லாம் போட்டுக்கொண்டு ஒரு பெண் படிக்கட்டில் நிற்கலாம். உட்காரலாம். சண்டை போட முடியாது. சரித்திரத்தில் நடந்திருக்க வழியே இல்லை. இதை மறுநாள் காலைப் பிரட்டில், பெயர் கூப்பிட எல்லாரும் வரிசையாக நிற்கும்போது எடுத்துச் சொன்னேன். அவர்கள் நல்லதுக்குத்தான் சொன்னேன்.

முனியாயி சிரித்தாள். அங்கமுத்துவின் அக்கா. அவள் ஆகிருதி உங்களுக்கே தெரியும்.

“கவசம் அவ்வளவு கனமா, மண்டோரே?”

“ஒரு மூட்டை அரிசி இருக்கும்.”

“போன மாசம் கடையிலருந்து ஒரு மூட்டையத் தூக்கியாந்தது யாரு? உங்க வீட்டு மூட்டை லா அது. உங்களுக்கு இடுப்பு புடிச்சிக்கிச்சின்னு உங்க சம்சாரம் வந்து கூப்பிட்டாங்க.”

வரிசை முழுக்கச் சிரித்தது.

“அது பழக்கம். பலம் வேற,” என்றேன்.

“அப்ப ராணிக்கும் பழக்கம்னு வச்சிக்குங்க.”

“சரித்திரத்துல அப்படி ஒருத்தியும் கெடையாது.”

“நீங்க போயிப் பார்த்துட்டு வந்தீங்களா? அந்தம்மா கையில வாளுக்குப் பதிலா ஒரு காண்டாக் கம்பக் குடுத்திருந்தா இன்னும் ஒரு வரிசை விழுந்திருக்கும்.”

காண்டாக் கம்பு என்பது தோளில் போட்டு, இரண்டு முனையிலும் பால்வாளியைத் தொங்கவிட்டுத் தூக்குவது. எங்கள் தோட்டத்துப் பெண்கள் வாளி நிறையப் பாலோடு மேடு ஏறி, பள்ளம் இறங்கி, ஸ்டோர் வரைக்கும் போவார்கள். இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆண் தூக்கினால் அது பலம். பெண் தூக்கினால் அது பழக்கம். மாடும்தான் வண்டி இழுக்கிறது. மாடு படை நடத்தியதாகச் சரித்திரம் உண்டா?

இதையும் சொன்னேன். அதுதான் தப்பாகப் போயிற்று. அன்றிலிருந்து முனியாயி வாளியோடு வந்தால் “ராணி வர்றாங்க, மாடெல்லாம் ஒதுங்கு” என்று பெண்கள் என்னைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்கள். மண்டோர் சொல்லுக்கு மரியாதை போனால் தோட்டத்தில் வேலை நடக்காது. கெட்ட காலம் வேறு. சுற்றிலும் காடு, காட்டுக்குள் துப்பாக்கி. ஒழுங்கு முக்கியம் என்று துரையே சொல்லுவார்.

அதனால் சோதித்துக் காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். போர் என்றால் எதிரி சொல்லிவிட்டு வரமாட்டான். ஆகவே நானும் சொல்லாமல் வரவேண்டும். முனியாயிக்கு வெட்டக் கிடைத்தது காட்டோரத்து மர நிரை. அங்கே அவள் தனியாகப் பாலெடுத்துத் திரும்புகிற நேரம் எனக்குத் தெரியும். துண்டால் முகத்தைக் கட்டிக்கொண்டேன். கையில் ஒரு மரக்கட்டை. ஓங்கி அடிக்கிற எண்ணம் இல்லை, தோளில் ஒரு தட்டு. அவள் வாளியைப் போட்டுவிட்டுக் கத்திக்கொண்டு ஓடுவாள். நான் துண்டை அவிழ்ப்பேன். இரண்டு பேரும் சிரிப்போம். அதோடு சரித்திரம் சரியாகிவிடும். தனியாக வருகிற பெண்பிள்ளைமேல் முகமூடி போட்டுக்கொண்டு பாய்ந்தாயா என்று நீங்கள் கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பாய்ந்தேன். ஆனால் பரீட்சைக்காக.

முந்தின நாள் நல்ல மழை. நான் மரத்துக்குப் பின்னாலிருந்து பாய்ந்தேன், தட்டினேன். அவள் கத்தவில்லை. வாளி இரண்டையும் ஒரு சொட்டுச் சிந்தாமல் கீழே வைத்தாள், கம்பை உருவிக்கொண்டாள். அவ்வளவுதான். இந்த இடத்தில் எனக்குக் கால் வழுக்கியது. விழுந்ததில் கை முறிந்தது. எழுந்தேன். மறுபடி வழுக்கியது. அதில் முதுகு. மறுபடி எழப் பார்த்தேன், முழங்கால். அவள் கையில் கம்பு இருந்தது உண்மை. நான் விழுகிற வழியில் கம்பு குறுக்கே இருந்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை.

அவள் துண்டை இழுத்து முகத்தைப் பார்த்தாள்.

“அட கடவுளே, மண்டோரா! ஏன்யா, வேற வேலையே இல்லையா ஒனக்கு?”

அதுவரைக்கும் நீங்க நீங்க என்றவள். பிறகு என்னைச் சாலை வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தாள். தூக்கிக்கொண்டு வந்தாள் என்று சொல்லுகிறார்களாம். அப்படி இல்லை. அவள் தோளில் கொஞ்சம் சாய்ந்திருந்தேன். அவள் உயரமானதால் என் கால் தரையில் படவில்லை. சாலையோரம் உட்காரவைத்துவிட்டு வாளிக்காக ஓடினாள். நேரமானால் பால் கட்டிப்போகும், உங்களுக்குத் தெரியுமே.

அவள் போன பிறகுதான் லாரி வந்தது. ஸ்பெஷல் போலீஸ்காரர்கள் குதித்தார்கள். வெட்டு முடித்து வந்த ஆட்களும் சுற்றி நின்றார்கள். எல்லாம் அந்தப் படத்தைப் பார்த்த முகங்கள். யார் அடித்தது என்று கேட்டார்கள். காட்டுக்காரர்கள் என்றேன். எத்தனை பேர் என்றார்கள். என் உடம்புக்கு நான்கு பேராவது வேண்டாமா? நான்கு என்றேன். அதிலும் ஒரு சீன ஸ்பெஷல் போலீஸ்காரன் என் உடம்பைப் பார்த்து நம்பாத மாதிரி நின்றான். ஆகையால் துப்பாக்கியும் வைத்திருந்தார்கள் என்றேன்.

அதற்குப் பிறகு எதுவும் என் கையில் இல்லை. பட்டாளம் வந்தது. வேலிக் கதவைப் பூட்டினார்கள், அரிசியைக் குறைத்தார்கள், வெளியே சோற்றுப் பொட்டலம் கொண்டுபோகக் கூடாது என்றார்கள். வெட்டுக்குப் போன பெண்கள் நிரையிலேயே மயங்கி விழுந்தார்கள். பாருங்கள், அதைத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தலைவன் எப்படி இருந்தான் என்று கேட்டார்கள். ஏதாவது ஒரு முகம் சொல்ல வேண்டுமே. அப்போது என் கண்ணுக்குள் இருந்தது ஒரே முகம். உயரம், அகலமான தோள், இடது புருவத்தில் வெட்டுத் தழும்பு. மீசை மட்டும் நான் சேர்த்தது. முனியாயிக்கு மீசை வைத்தால் அங்கமுத்து என்பது எனக்குத் தோன்றவில்லை, ஐயா. சத்தியமாகத் தோன்றவில்லை. கூடப்பிறந்தவர்கள், ஒரே அச்சு. சின்ன வயதில் ஒரே மாங்காய் மரத்திலிருந்து விழுந்ததில் தழும்புகூட இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில். அவனைப் புகைக்கூடத்திலிருந்து, ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்த கையோடு பிடித்துக்கொண்டு போனார்கள்.

அடையாளம் காட்டச் சொல்லி வரிசையாக நிறுத்தினார்கள். அங்கமுத்து என்னைப் பார்த்து, “அண்ணே, கை எப்படி இருக்கு?” என்று கேட்டான். நல்ல பையன். ஆனால் நான் சொன்ன அடையாளம் முழுக்க அவனிடம் இருந்தது. அவன் இல்லை என்றால் அப்புறம் யார் என்று கேட்பார்கள். விரலை நீட்டினேன். துப்பாக்கி இவன் கையில்தான் இருந்தது என்றும் சொன்னேன். துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். எனக்கும் தெரியும்.

கோர்ட்டில் முனியாயி ஏறி நின்றாள். “மண்டோர அடிச்சது நான்தாங்க. காட்டுக்காரன் எவனும் வரல. என் தம்பி கோழி அறுத்தாலே கண்ண மூடிக்குவான்,” என்றாள். மொழிபெயர்த்துச் சொல்லி முடிப்பதற்குள் வெள்ளைக்கார சர்க்கார் வக்கீல் சிரித்துவிட்டார். அண்மையில் ஏதாவது படம் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றாள். அதில் பெண் சண்டை போட்டாளா? போட்டாள். எத்தனை பேரோடு? ஒரு பட்டாளத்தோடு. வக்கீல் உட்கார்ந்துவிட்டார். இதெல்லாம் படத்தில்தான் நடக்கும், தம்பிக்காக அக்கா கதை கட்டுகிறாள் என்று முடித்துவிட்டார்கள். நான் ஆரம்பத்திலிருந்து சொன்னதை ஒரு படித்த மனிதர் சபையில் சொல்லக் கேட்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. தீர்ப்பைக் கேட்ட பிறகுதான் சோறு இறங்கவில்லை.

நீங்கள் முனியாயியை நம்புகிறீர்கள் என்பது தெரிகிறது. நேற்று அவளை இங்கே வரச்சொல்லி, கையில் கம்பைக் கொடுத்து, இரண்டு கான்ஸ்டபிள்களை ஏவிப் பார்த்தீர்களாமே. ஒருவருக்குப் பல் போய்விட்டது என்றீர்கள். பாவம். ஆனால் நேற்றும் மழை, ஐயா. உங்கள் முற்றத்தில் பாசி இருக்கிறது. வரும்போதே கவனித்தேன்.

இப்போது நீங்கள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். “வீரப்பன், டாக்டர் உங்க முதுகுத் தழும்ப அளந்து வச்சிருக்காரு. கம்புத் தழும்பு. வழுக்கி விழுந்தேன்னு எழுதுனா எனக்கு மேல இருக்கிற அதிகாரி நம்ப மாட்டான். பயந்து பேச்ச மாத்துறீங்கன்னுவான், அங்கமுத்து தொங்கிடுவான். முனியாயிதான் அடிச்சாள்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவன் வீட்டுக்குப் போயிடுவான்.” இவ்வளவுதானே?

யோசித்துவிட்டேன். நான்கு பேர் வரவில்லை. துப்பாக்கி இல்லை. அங்கமுத்துவைக் காட்டிக்கொடுத்தது நான், தெரிந்தே செய்தேன். அவனுக்குப் பதிலாக என்னைத் தொங்கவிடுவதானாலும் வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு வந்து நிற்கிறேன். எல்லாவற்றுக்கும் கைநாட்டு வைக்கிறேன். ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்காதீர்கள். ஒரு பொய் சொல்லித்தான் இந்தப் பாவமெல்லாம் வந்தது. இன்னொரு பொய் சொல்ல என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை, ஐயா.