சாவி வண்டியிலேயே இருக்கட்டும்

பொகவந்தலாவை பஸ்ஸுக்காக நான் உட்கார்ந்திருந்த டீக்கடையில், பக்கத்து மேசையில் இரண்டு லொறி டிரைவர்கள். ஒருவர் விறகு ஏற்றுபவர். மற்றவர் கொழும்பிலிருந்து சீமெந்து கொண்டுவந்தவர்.

"அண்ணே, ஒங்க லொறிய யாரோ எடுக்குறான்," என்றார் சீமெந்துக்காரர்.

"எடுக்கட்டுங்க. பின்னாடி தேயிலக் கொழுந்து லொறி மாட்டிக்கிட்டு நிக்கிது. கொழுந்து சூடேறிட்டா ஃபெக்டரியில வாங்க மாட்டாங்க."

"சாவி?"

"வண்டியிலதான். இங்க முன்னாடி நிறுத்துறவங்க சாவிய எடுத்துக்கிட்டு வர மாட்டோம்."

"களவு போனா?"

"இருவது வருசமா இங்கதான் டீ குடிக்கிறேன். போனதில்ல."

சீமெந்துக்காரர் சட்டைப்பையைத் தொட்டார். "நான் எடுத்துட்டு வந்துட்டேனே."

"தெரியுங்க. ஒங்க லொறியில சாவி இல்லாமத்தான் என்னோடத நகத்துறான்."

சீமெந்துக்காரர் எழுந்து தன் லொறிக்குப் போனார். வெறுங்கையோடு திரும்பி வந்து, நிதானமாக இன்னொரு டீ சொன்னார்.