இடது மூலை

இரவு பதினொன்றே முக்கால். காந்தி மண்டபம் சாலை. ஒரு பக்கம் மான் திரியும் காடு, மறு பக்கம் பூட்டிய கேட்டுகள். கடைசிப் பேருந்து போய் அரைமணி ஆகிவிட்டது. டி.வி.எஸ். ஐம்பதில் ஒருவன் மட்டும் தனியாக...

கதையை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வர்ஷினி தொடங்கிய இடத்திலிருந்து அல்ல.

போன நவராத்திரி. எங்கள் அபிராமபுரம் குடியிருப்பில் மின்சாரம் போய், சுண்டல் தொன்னையோடு எல்லோரும் மொட்டைமாடிக்கு வந்துவிட்டோம். கும்மிருட்டு. ஆளுக்கொரு பேய்க் கதை. எதிர் ஃபிளாட் சூடாமணியின் மகள் வர்ஷினியின் முறை வந்தது.

"அடையாறு பக்கம் ஒரு லேப் இருக்கு. அங்க பிஎச்.டி. பண்ணிண்டிருந்த பொண்ணு ரிசல்ட்டைப் பொய்யா எழுதி மாட்டிண்டு, லேப்லயே தூக்குப் போட்டுண்டுட்டாளாம். ராத்திரியானா கத்திரிக்கோல் சத்தம் கேக்குமாம்!"

சிரித்தார்கள்.

"அந்தப் பொண்ணு பேரு ஹம்சினி. என் தம்பி பொண்ணு" என்றேன்.

சிரிப்பு நின்றது.

"மாமா... சத்தியமா எனக்குத் தெரியாது. காலேஜ்ல எல்லாரும் சொல்றா..."

"எல்லாரும் சொன்னா ஆச்சா? எழுந்துக்காதே, உக்காரு. பாதிப் பொய் சொன்னவ, மீதி நெஜத்தையும் கேட்டுட்டுப் போ."

சொன்னேன்.

தூக்கு இல்லை. மஞ்சள் காமாலை. பதினோரே நாள். 1996 ஆகஸ்ட். இருபத்தெட்டு வயது. பெற்றவர்களை மூன்று வயதில் இழந்த குழந்தை, என் வீட்டில் வளர்ந்தவள். இந்தக் கஸ்தூரிரங்கன் வீட்டுப் பெண் பொய் எழுதமாட்டாள்.

அவள் செய்த ஆராய்ச்சியை எனக்கே ஒரு நாள் சாப்பாட்டு மேஜையில் விளக்கினாள். செல்லுக்குள் 'பெருகு' என்று ஒரு கட்டளை போகுமாம். வேலை முடிந்ததும் அது நின்றுவிடும். புற்றுநோய் செல்லில் நிற்பதே இல்லை. அதை நிறுத்தும் ஒரு ரசாயனத்தைத் தன் கையாலேயே தயாரித்தாள். செல்களுக்கு அதைக் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அளவைக் கூட்டிக்கொண்டே கொடுப்பாள். இருட்டறையில் எக்ஸ்-ரே படம் எடுப்பாள். கட்டளை இருந்தால் படத்தில் கறுப்புக் கோடு. அளவு கூடக் கூட, இடமிருந்து வலமாகக் கோடு மங்கிக்கொண்டே போகும். ஐந்து வருடத்து உழைப்பு அது.

அந்தப் படத்தில் எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியாது. அதனால் படம் எடுக்கும் பெட்டியில் வைக்கும் முன்பே ஒரு மூலையைக் கத்தரித்துவிடுவார்கள். அந்த லேபில் வழக்கம் வலது மூலை, கத்தரி பிடிக்கும் கைப்பக்கம். ஹம்சினியின் படங்கள் அத்தனையிலும் வெட்டியிருந்தது இடது மூலை.

அவள் போனபிறகு பேராசிரியர் படங்களை எடுத்துப் பார்த்தார். வெட்டிய மூலையை வலது பக்கம் வைத்தார். எல்லாம் தலைகீழ். மருந்து கூடக் கூடக் கோடு கறுக்கிறது! 'இந்தப் பெண் முடிவை மாற்றி எழுதியிருக்கிறாள்' என்று மேலிடத்துக்குக் கடிதம் போட்டுவிட்டார். செத்தவளின் மேல்! எதிர்த்துப் பேச முடியாதவளின் மேல்!

அதற்கு முன் எனக்கு ஒரு ஃபோன் செய்தார். அதையும் சொல்லிவிடுகிறேன். "ஹம்சினிக்கு இடது கைப் பழக்கம் உண்டா சார்?" என்றார். காரியம் முடிந்து நான்கு நாள்கூட ஆகவில்லை. "எங்காத்துல அப்படிப் பழக்கமெல்லாம் கிடையாது" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

யாரோ இருமினார்கள். நான் நிறுத்தவில்லை.

அடுத்த வருடம் அவள் இடத்தில் சேர்ந்தவன் அஸ்வின். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் என் நண்பர் சுயம்புலிங்கத்தின் மகன். பயந்த சுபாவம் கிடையாது. அவன் வாயால் சொன்னது இது.

மார்கழி. பதினொன்றே முக்காலுக்கு டி.வி.எஸ். ஐம்பதில் லேபுக்கு வந்தான். படத்தை எடுக்க வேண்டிய நேரம் அது. இருட்டறை. சின்னதாகச் சிவப்பு விளக்கு. வினிகர் போலப் புளித்த வாடை. வலது மூலையை வெட்டினான். பெட்டியில் வைத்தான். காத்திருந்தான்.

க்ளிக்.

இடது காதோரம். கத்தரிக்கோல் சத்தம்...

திரும்பினான். யாரும் இல்லை. படத்தைக் கழுவி எடுத்தான். வலது மூலை வெட்டியிருந்தது. இடது மூலையும்.

தூக்கக் கலக்கத்தில் தானே வெட்டியிருப்போம் என்று நினைத்தான். மறுநாள் கத்தரிக்கோலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். கை அதன் மேலேயே இருந்தது. க்ளிக். மூன்றாம் நாள் இருட்டறையைப் பூட்டிவிட்டு வராந்தாவில் வந்து நின்றான். காவலாளி வெள்ளைத்துரை டார்ச்சோடு வந்தார்.

"இன்னா சார், நீ இங்க நிக்கிற... உள்ள யாரு கீறாங்க? கத்திரி சத்தம் கேக்குது?"

இரண்டு பேருமாகத் திறந்தார்கள். அறை காலி. வினிகர் வாடை இல்லை. வேறு வாடை. மூக்கை அடைக்கும் கசப்பு வாடை... வேப்பெண்ணெய்.

மறுநாள் காலை அஸ்வின் என் வீட்டுக்கு வந்தான். கண் சிவந்திருந்தது.

"மாமா, அக்கா வேப்பெண்ணெய் ஏதாவது தேய்ச்சுப்பாங்களா?"

அதை அறிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே பேர். நானும் அவளும். நான்கு வயதில் அவள் எதற்கும் இடது கையைத்தான் நீட்டுவாள். சோற்றுக்கு, பலப்பத்துக்கு, பிரசாதத்துக்கு. நாலு பேர் என்ன சொல்வார்கள்? விரல் விரலாக அந்தக் கையில் வேப்பெண்ணெய் தடவினேன். இரண்டு வருடம். ஒவ்வொரு நாளும். அழுவாள். விடவில்லை. பழக்கம் மாறியது. வலது கையால் உண்டாள், எழுதினாள், முதல் மதிப்பெண் வாங்கினாள். மாறிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன்.

இருட்டறையில் மாறவில்லை. யாரும் பார்க்காத அந்த ஓர் இடத்தில் மட்டும் தன் கையைத் தன் கையாக வைத்திருந்திருக்கிறாள்.

அஸ்வின் சொன்னான்: "நான் மறுபடி செஞ்சு பார்த்துட்டேன் மாமா. மருந்து வேலை செய்யுது. அக்கா எழுதினது அத்தனையும் சரி. சார்கிட்ட சொன்னா, 'அவ இடது கைக்காரி இல்லைன்னு வீட்டுலயே சொல்லிட்டாங்க'ன்னு வாயை அடைக்கிறார். நீங்க ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்க. போதும்."

ஒரு வரி. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எங்காத்துல அப்படிப் பழக்கம் கிடையாது."

இரண்டாவது தடவை. அவன் செருப்பைப் போட்டுக்கொண்டு போனான்.

பங்குனியில் கட்டுரை அச்சானது. அதே ரசாயனம், அதே முடிவு. பேராசிரியர் பெயர் மேலே. ஹம்சினி பெயர் எங்கேயும் இல்லை. படித்தவர், பெரிய மனிதர்! ஒரு பெண்ணைப் பொய்க்காரி என்று எழுதிய அதே கையால் அவள் கண்டுபிடிப்பில் தன் பெயரைப் போட்டுக்கொண்டிருக்கிறார். அன்றைக்கே எழுதினேன். 'என் மகள் இடது கைக்காரி. நான் சொன்னது பொய்.' பதிவுத் தபால். ஒப்புகை அட்டையில் அவர் கையெழுத்து வந்தது. பதில் வரவில்லை. இன்று வரை வரவில்லை.

"அதனால நன்னா கேட்டுக்கோ வர்ஷினி. நாளைக்குக் காலேஜ்ல சொல்லு. பொய் சொன்னது அவ இல்லை. சொன்னது ரெண்டு பேர். ஒருத்தர் அந்த புரொபசர். இன்னொருத்தன் நான்."

"சொல்றேன் மாமா" என்றாள். அழுகிறாள் போலிருந்தது.

பேச்சை மாற்ற நினைத்தாள் சூடாமணி. "சுண்டல் ஆறிப்போறது மாமா. நீங்க யாராத்துலயும் கை நனைக்கறதே இல்லை. கல்யாணப் பந்தியில்கூட உக்கார மாட்டேங்கறேள். எங்க மேல என்ன கோபமோ?"

"உங்க மேல ஒரு கோபமும் இல்லைம்மா."

கட்டுரை அச்சான அன்று இரவு சோற்றில் வலது கையை வைத்தேன். கசந்தது. மறுநாளும் கசந்தது. அந்தக் கையால் ஸ்பூனில் எடுத்தாலும் கசப்பு. மருத்துவர் நாக்கைப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். கடிதம் போட்டால் தீரும் என்று எண்ணினேன். தீரவில்லை.

அப்போது மின்சாரம் வந்தது. மாடி விளக்கு பளிச்சென்று எரிந்தது.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் தொன்னை காலியாகியிருந்தது. என் வலது கை மடியில் சுத்தமாகக் கிடந்தது. இடது கை விரல்களில் தேங்காய்த் துருவல்.

வர்ஷினி மட்டும் மூக்கைச் சுளித்துத் தனக்கு இடது பக்கம் இருந்த காலி இடத்தைத் திரும்பிப் பார்த்தாள்.

"அம்மா... இங்க யாரு வேப்பெண்ணெய் தடவிண்டு வந்திருக்கா?"