அன்னாளுக்கு நான் செய்த மருந்து

எங்கள் வீட்டில் குக்கர் இருந்தும் அன்னாள் சோற்றை வடித்துத்தான் சமைத்தாள். குக்கர் எனக்கு வேண்டியிருந்தது. பாட்டில்களை ஆவியில் வைத்துக் கிருமி நீக்க அதைவிட நல்ல பாத்திரம் கிடையாது. அதற்காக அவள் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

என் மகள் ஜெனிஷா கொடுத்த புகார் சரிதான். ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படிக்கிற பெண், பொய் சொல்ல மாட்டாள். பீரோவிலிருந்து அவள் எடுத்த மாத்திரை அட்டைகள் அவளுடைய அம்மாவுக்கு வாங்கியவை. பிரிக்காமல் பூட்டி வைத்தது நான்.

அனல்மின் நிலையத்தில் நான் கெமிஸ்ட். பாய்லருக்குப் போகிற தண்ணீரைச் சோதிப்பது வேலை. ஆராய்ச்சிப் படிப்பைப் பாதியில் விட்டு வந்தவன். பர்மனெண்ட் வேலை கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? ஆனால் வருடக்கணக்கில் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தால் மனுஷனுக்குத் தான் யார் என்பதே மறந்துபோகும்.

அன்னாளுக்கு இதயத்தில் வால்வுக் கோளாறு. தினமும் ஒரு சின்ன வெள்ளை மாத்திரை. டிஜிடாலிஸ் என்கிற குளிர்தேசத்துச் செடியின் இலையிலிருந்து எடுக்கிற மருந்து அது. 2015 மே மாதம் பங்குக் கோவிலிலிருந்து கொடைக்கானலுக்குச் சுற்றுலா போனோம். ஒரு தோட்டத்தில் அந்தச் செடி பூத்து நின்றது.

"மணி மணியா தொங்குதே, இது இன்னா பூங்க?" என்றாள்.

"உன் உசிரே இதுலதான் இருக்கு" என்றேன். சிரித்தாள். தோட்டக்காரரிடம் விதை வாங்கி வந்தேன்.

நெய்வேலி வெயிலில் அந்தச் செடி நிற்காது. நிற்கவும் தேவையில்லை. நாற்றிலிருந்து ஒரு இலைத் துணுக்கை, சர்க்கரையும் உப்புகளும் சேர்ந்த கூழில் வைத்தால் செல்கள் பெருகிக்கொண்டே போகும். மண் வேண்டாம், மழை வேண்டாம், ஏசி இருந்தால் போதும். க்வார்ட்டர்ஸில் கரண்டுக்குக் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை. பின்னறையில் ஹார்லிக்ஸ் பாட்டில்களுக்குள் வெளிர்மஞ்சளாகக் கட்டிகட்டியாக வளர்ந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. உலர்த்திப் பொடித்து கேப்ஸ்யூலில் அடைத்தேன்.

ஜெபமாலை முடிந்ததும் மாத்திரையை என் கையிலிருந்துதான் வாங்குவாள். கல்யாணமான புதிதில், மறந்துவிடுகிறாளே என்று நான் ஏற்படுத்திய பழக்கம். நைட் ஷிஃப்ட் என்றாலும் கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவேன்.

"மாத்திர வேற மாதிரி இருக்குதுங்களே?"

"கம்பெனி மாத்திட்டாங்க."

வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

பழைய மாத்திரையை ஏன் நிறுத்தினேன் என்று கேட்டீர்கள். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் எது வேலை செய்தது என்று எப்படித் தெரியும்? முறையாகச் செய்கிற யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள்.

முதலில் நன்றாகத்தான் இருந்தாள். அதுதான் என்னைக் கெடுத்தது. பிறகு கால் வீங்கியது. தலையணைகளை அடுக்கி, உட்கார்ந்தபடியே தூங்கினாள். பக்கத்துக் க்வார்ட்டர்ஸ் சந்திரகலா ஆஸ்பத்திரிக்குக் கிளம்பச் சொன்னபோது, "வூட்லயே இவரு இப்டி பாத்துக்கினு இருக்காரு, அங்க எதுக்குக்கா போயிக்கினு?" என்று அனுப்பிவிட்டாள். நான் உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்தது.

பொடியில் மருந்து இருந்தால், சோதிக்கும்போது குழாயில் செம்பழுப்பாக ஒரு வளையம் தெரிய வேண்டும். தெரியவில்லை. ரசாயனம் பழசாகியிருக்கும் என்று புதிதாக வாங்கிப் பார்த்தேன். அப்போதும் இல்லை. தேடிப் படித்ததில் விஷயம் புரிந்தது. வெறும் கட்டியாக வளர்கிற செல்கள் அந்த மருந்தை உண்டாக்குவதில்லை. துளிர்த்துப் பச்சை இலை விட்டால்தான் உண்டாக்கும். அத்தனை நாளும் அவள் விழுங்கியது வெறும் தூள்.

அன்றைக்கே பீரோவைத் திறந்திருக்கலாம். சாவி என் சட்டைப்பையில்தான் இருந்தது. ஆனால் ஒரு பாட்டிலில் பச்சையாகத் துளிர் விட்டிருந்தது. நடுவில் பழைய மாத்திரையைக் கொடுத்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் தூளையே கொடுத்தேன். தெரிந்தேதான் கொடுத்தேன். மூச்சு வாங்க வாங்க அவள் அருள்நிறைந்த மரியே சொல்லுவாள். நான் பக்கத்தில் முழங்காலிட்டுப் பதில் சொல்லுவேன். முடிந்ததும் கையை நீட்டுவாள்.

கடைசியில் ஒருநாள் அவளால் விழுங்க முடியவில்லை. "நாளிக்கு சேத்துப் போட்டுக்கறேங்க, கோச்சிக்காதீங்க" என்றாள். மறுநாள் காலைப் பூசைக்கு மணி அடிக்கும்போது போய்விட்டாள். நான் அழுதது நடிப்பு என்று ஜெனிஷா சொல்கிறாளாம். நடிப்பில்லை, ஐயா. அன்னாளைப்போல என்னை நம்பியவர்கள் யாரும் கிடையாது. அவள் இல்லாத வீட்டில் எனக்கு எங்கே உட்காருவது என்றுகூடத் தெரியவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து வந்து பார்த்தேன். இலைகள் விரிந்திருந்தன. பறித்துச் சோதித்தேன். வளையம் வந்தது, சந்தேகத்துக்கே இடமில்லாமல். "அன்னாள், இங்க வந்து பாரேன்" என்று பின்னறையிலிருந்து கூப்பிட்டுவிட்டேன்.

கொன்றேனா என்றால் ஆம் என்றே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்று மட்டும்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. எவ்வளவோ பொறுத்தவள், இன்னும் ஒரு மாதம் பொறுத்திருக்கக் கூடாதா?