பக்கத்து ரூம்

— நேத்து இரங்கல் கூட்டத்துல உங்க பேச்சுக்குத்தான் கைதட்டல் அதிகம், டாக்டர். எனக்குத்தான் குமட்டிக்கிட்டு வந்துச்சு.

— ஏன் சிஸ்டர்? இத்தனை வருஷம் கூடவே இருந்த அண்ணனைப் பத்தி நாலு வார்த்தை நல்லதாப் பேசுனது ஒரு குத்தமா?

— “ஒரே கிளினிக், சுகமோ துக்கமோ எல்லாத்தையும் பாதிப் பாதியாப் பகிர்ந்துக்கிட்டோம்”னீங்களே, எந்த வாயால சொன்னீங்க? குழந்தை உண்டாயிருக்குன்னா இந்த ரூம்ல வெச்சு நீங்க சொல்வீங்க, கை குலுக்குவீங்க. ரிசல்ட் மோசமா வந்துட்டா மட்டும், “பக்கத்து ரூம்ல பெரிய டாக்டரை ஒரு எட்டு பார்த்துடுங்க.” அங்க அழுதவங்களுக்கெல்லாம் தண்ணி கொண்டாந்து கொடுத்தது நான்.

— பாருங்க சிஸ்டர், அண்ணனுக்கு அது கைவந்த விஷயம். எனக்கு நாக்கு ஒட்டிக்குது. சுபாவம் அப்படி.

— அவருக்கு மட்டும் இனிச்சுதாக்கும்? சொல்லி அனுப்பிட்டு வாஷ்பேசின்கிட்ட நின்னு முகத்தைக் கழுவு கழுவுன்னு கழுவுவாரு. இந்தப் பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கம் நீங்க போன்ல மேட்ச் பார்த்துக்கிட்டு இருப்பீங்க.

— சரி, போதும். காலங்காத்தால இதுக்குத்தான் கதவைச் சாத்திட்டு நிக்கிறீங்களா?

— வெளிய ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. மார்ல கட்டி. லேப்ல ஊசி விட்டு எடுத்து டெஸ்ட் பண்ணியாச்சு. கேன்சர். அவங்களுக்கு இன்னும் தெரியாது.

— பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துடறேன். அங்க பக்குவமாச் சொல்லிக்குவாங்க.

— இதைத்தான் சொல்வீங்கன்னு தெரியும். பெரிய டாக்டர் போனதுல இருந்து இதேதானே நடக்குது? போன வாரம் அந்த லாரி டிரைவரை இப்படித்தான் அனுப்புனீங்க. பாவம், கடைசியில ஸ்கேன் ரூம்ல லைட் அணைக்கிறவன் வாயால தெரிஞ்சுக்கிட்டான் தனக்கு என்னன்னு.

— அப்ப நீங்க சொல்லுங்களேன். பொம்பளைக்குப் பொம்பளை...

— சீ. கொஞ்சம்கூட கூசலையா உங்களுக்கு?

— சரிம்மா, சரி. நானே சொல்றேன். எப்ப இருந்தாலும் ஒரு நாள் சொல்லித்தானே ஆகணும். வரச் சொல்லுங்க. யாரு அந்த அம்மா?

— சொல்றேன்னு ஒத்துக்கிட்டீங்க. இனிமே பின்வாங்கக் கூடாது. உங்க அண்ணிதான்.

— எந்த அண்ணி?

— உங்களுக்கு எத்தனை அண்ணி? பெரிய டாக்டரோட சம்சாரம்.

— விளையாடாதீங்க சிஸ்டர். அண்ணன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாஞ்சு மூணு வாரம்தான் ஆகுது. இந்த நிலைமையில அவங்களுக்கு யாரு டெஸ்ட் எழுதினது?

— அவரேதான், ரெண்டு மாசம் முன்னாடி. அவரே லேப்புக்குக் கூட்டிட்டுப் போயிருக்காரு. நேத்து கூட்டம் முடிஞ்சதும் அம்மா என்னைத் தனியாக் கூப்பிட்டு, கட்டி பெருசாயிட்டே போகுதுன்னாங்க. லேப்காரருக்குப் போன் போட்டேன். “அப்பவே டாக்டர்கிட்ட சொல்லிட்டேனே சிஸ்டர்”ங்கிறாரு.

— அப்ப அண்ணனுக்குத் தெரியுமா?

— நல்லாவே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே வீட்டுக்குப் போய், “வெறும் கொழுப்புக் கட்டி, பேசாம தூங்கு”ன்னிருக்காரு. ஊர்ல உள்ளவங்களுக்கெல்லாம் மூஞ்சிக்கு நேரா உண்மையைச் சொன்ன மனுஷன். ரெண்டு மாசத்தை வீணாக்கிட்டாரே, டாக்டர். வேற எவனாவது இப்படிப் பண்ணியிருந்தா அவரே காறித் துப்பியிருப்பாரு. இவரையா இத்தனை நாளா தலையில தூக்கி வெச்சுக்கிட்டு ஆடினேன்னு என்னை நினைச்சா எனக்கே அருவருப்பா இருக்கு.

— பயந்துட்டாரு, சிஸ்டர். பொண்டாட்டிகிட்ட எப்படிச் சொல்லுவாரு? என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.

— உங்ககிட்டயா? நீங்க பக்கத்து ரூமுக்குப் போகச் சொல்லியிருப்பீங்க.

— குத்தாதீங்க. நோயைச் சொன்னா அண்ணன் மறைச்சதையும் சேர்த்துச் சொல்லணுமே. அவங்க தாங்குவாங்களா?

— தாங்கினாலும் தாங்கலைன்னாலும் இனி ஒரு நாள்கூடத் தள்ள முடியாது. நீங்க உக்காருங்க, நான் கதவைத் திறக்கிறேன். அம்மா, வாங்க.

— என்ன தம்பி, ஃபேன் ஓடியும் இப்படி வேர்க்குது உங்களுக்கு? நேத்து ரொம்ப நல்லாப் பேசினீங்க. பெருசா ஒண்ணும் இல்லை, இந்தக் கட்டிதான். தொட்டா வலிக்குது. அவர் ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாரு, அதனால பயமில்லை. பொய்யே பேசத் தெரியாத மனுஷன் ஆச்சே. அவர் போனதுக்கப்புறம் அந்த நினைப்புலதான் எழுந்து நடமாடிக்கிட்டு இருக்கேன்.

— உக்காருங்க அண்ணி.

— அம்மா, டாக்டர் உங்ககிட்ட ஒரு விஷயம் சொல்லணும்னு...

— சிஸ்டர், நீங்க குறுக்க பேசாதீங்க. நான் என்ன சொன்னாலும் பேசாதீங்க. அண்ணி, இது கேன்சர். இன்னைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போறோம், நானும் கூட வர்றேன். வைத்தியம் இருக்கு.

— அவர் ஒண்ணுமில்லைன்னாரே, தம்பி. அவர் அப்படிச் சொன்னாரே.

— அண்ணனுக்குத் தெரியாது. லேப்ல இருந்து போன் எனக்குத்தான் வந்துச்சு. சொல்லப் பயந்துக்கிட்டு, ஒண்ணுமில்லைன்னு அவர்கிட்ட பொய் சொன்னது நான்தான்.